பானை பொங்கும் முன்னே இட்ட குலவை

தாராவியில் எங்கள் தெருப் பெண்கள் அம்மனுக்கு மட்டும்தான் குலவையிடுவோம், அதுவும் பொங்கல் பானை பொங்கும்போது. மனிதர்களுக்காக இட்டதே இல்லை.

அந்த வருஷ அம்மன் கொடைத் திருவிழா நாளில் என் மகள் பாண்டியம்மா வெளியூரில் பைக் ரேஸ் மைதானத்தில் இருந்தாள். ஆண்டாப் ஹில்லில் இருக்கும் சின்ன ஒர்க்‌ஷாப்பின் டீமுக்கு அவள் மெக்கானிக். ஒரு ரேஸிலும் ஜெயிக்காத டீம் அது. இதிலும் தோற்றால் டீமைக் கலைத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

அடுப்பில் விறகைத் தள்ளியபடி போனில் ரேஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொம்பளப் பிள்ளைய ஸ்பேனர் புடிக்க விட்டுட்டு, இப்ப அம்மன விட்டுட்டுப் போனைக் கும்புடுதியா, ஏளா?" என்றாள் பக்கத்து வீட்டு மைனி.

ரேஸின் கடைசிச் சுற்றில் மழை பிடித்துக்கொண்டது. பெரிய டீம்களின் வண்டிகள் வளைவில் வழுக்கின. மழை வரும் என்று என் மகள் அடம்பிடித்து மாட்டிய டயரோடு எங்கள் வண்டி முதலில் கோட்டைத் தாண்டியது. என்னையறியாமல் குலவையிட்டுவிட்டேன். பானை பொங்கிவிட்டதென்று நினைத்து எல்லாப் பெண்களும் சேர்ந்து குலவையிட்டார்கள்.

மைனி பானைக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏளா, எங்க பொங்கிருக்கு?"

"பானை இன்னும் பொங்கல மைனி. எம்மவ வண்டி ஜெயிச்சிருச்சு!" அம்மனுக்குரியதை எடுத்து மகளுக்குக் கொடுத்துவிட்டேனே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மைனி போனை வாங்கிப் பார்த்தாள். கிரீஸ் அப்பிய கைகளைத் தூக்கிக்கொண்டு பாண்டியம்மா குதித்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம தெருப் பிள்ள ஜெயிச்சதுக்கு இம்புட்டுதானா குலவை?" என்று கேட்டுவிட்டு, மைனியே ஓங்கிக் குலவையிட்டாள்.

பிறகுதான் பானை பொங்கியது. அம்மனுக்கும் இட்டோம். முதல் குலவை என் மகளுக்குப் போகட்டும் என்று அந்த அம்மன்தான் பொறுத்திருந்தாள் என்று இன்றும் நம்புகிறேன்.