கடைசிப் பத்து இழுப்பு

கிளிஞ்சல்மேட்டில் கண்ணையன் என்ற பெயரில் நாலு பேர் இருந்தார்கள். இவர் குஞ்சம்மாளைக் கட்டிய கண்ணையன். குஞ்சம்மாள் அந்நியமில்லை, சொந்தத் தாய்மாமன் மகள்தான். பிறந்தபோதே இவனுக்கு இவள் என்று பேசி வைத்தது. பிள்ளை இல்லை. அதை வைத்து ஒருவரை ஒருவர் ஒரு சொல் சொன்னதும் இல்லை. குஞ்சம்மாளின் அண்ணன் மகள் மலர்க்கொடிதான் அந்த வீட்டில் ஓடியாடித் திரிந்த பிள்ளை.

எழுபத்தாறாம் வருஷம் ஐப்பசியில் விசைப்படகில் போயிருந்தபோது அது நடந்தது. அலை தூக்கிப் போட்டதில் தடுமாறிய கண்ணையன் கைக்கு அகப்பட்டதைப் பிடித்தார். அகப்பட்டது எஞ்சினின் புகைக்குழாய். இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஆறு மாதம் அலைந்த பிறகு புண் ஆறியது. ஆனால் வலது கையில் இரண்டு விரல் மடங்கினது மடங்கினபடியே நின்றுவிட்டது. மற்ற விரல்களெல்லாம் தோல் தடித்துச் செருப்புத் தோலாகிவிட்டன. சுடுசோறும் பழையசோறும் அந்த விரல்களுக்கு ஒன்றுதான். வலை இழுக்கவும் முடியாது, கிழிந்த வலையைக் கட்டவும் முடியாது.

படகில் இருந்த காலத்தில் எல்லோர் கத்தியையும் தீட்டிக் கொடுப்பது அவர்தான். கல்லில் இழுத்து முடித்ததும் கட்டைவிரலைக் குறுக்கே ஓட்டிப் பார்ப்பார். அந்த விரல் சொன்னால் சொன்னதுதான். இப்போது மனைவியின் அரிவாள்மனையைத் தீட்ட உட்கார்ந்தால் மணிக்கட்டு ஆடியது. கூர் அலை அலையாக வந்தது. மூன்று வருஷம் அவர் வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். குஞ்சம்மாள் காரைக்கால் மார்க்கெட்டில் மீன் விற்று வந்து சோறு போட்டாள்.

டவுனில் அவள் வழக்கமாக மீன் கொடுக்கிற வீடுகளில் சந்தனசாமி வீடும் ஒன்று. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். ஊர் வாயில் அது சொல்தா வீடு. ஒருநாள் அங்கிருந்து வந்தவள் கூடையை இறக்குவதற்குள் ஆரம்பித்தாள்.

"ஏங்க, சொல்தா வீட்டுல ஒரு சாமான் பாத்தேன். கத்திய ஒரு கவ்வியில புடிச்சு வச்சிடுறாரு. கல்லு ஒரு கம்பியில இருக்கு. அந்தக் கம்பி ஒரு ஓட்டைக்குள்ள போயிப் போயி வருது. சாய்மானம் கொஞ்சங்கூட மாற மாட்டேங்குது. மனுசன் ரேடியோ கேட்டுக்கிட்டே தீட்டுறாரு!"

"பட்டாளத்துக்காரரு வெளையாட்டுச் சாமான்."

"என்னவோ இருந்துட்டுப் போவட்டும். கை நடுங்குனாலும் கல்லு நடுங்காதுங்க. ஒருதரம் வந்துதான் பாருங்களேன்."

போனார். சந்தனசாமி முகம் கோணாமல் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிக் காட்டினார். "கடைசியில பிசிரு பாத்து எடுக்கணும் கண்ணையா. ஒரு பக்கம் தீட்டுறப்ப மறுபக்கம் முடியாட்டம் ஒன்னு எழும்பி நிக்கும். அதை விட்டா நாலு வெட்டுல மடங்கிக் கத்தி மொக்கையாயிடும்."

"ஐயா, கடல்ல இருபது வருஷம் தீட்டுனவன்கிட்டயா பிசிரு பத்திச் சொல்றீங்க?"

சந்தனசாமி சிரித்துவிட்டார்.

ஒரு மாதத்தில் கண்ணையன் தானே ஒன்றைச் செய்துவிட்டார். வேப்பம்பலகை ஒன்று. கொல்லுப்பட்டறையில் திருகு வைத்து வாங்கிய கவ்வி. ஓட்டை போட்ட இரும்புப் பட்டை ஒன்று நட்டுக்குத்தலாக. பழைய குடையின் நடுக்கம்பி, அதன் முனையில் அரக்கு வைத்து ஒட்டிய கல். மடங்கிய விரல்களுக்குள் கம்பியைச் செருகிக்கொண்டு முன்னும் பின்னும் தள்ளினால் போதும். கூர் நேர்கோடாக வந்தது.

அரிவாள்மனைதான் அதில் மாட்டவில்லை. வளைந்த அலகுக்குக் கவ்வி பிடி கொடுக்கவில்லை. பத்து வயதிலிருந்து அரிவாள்மனையில் உட்கார்ந்த குஞ்சம்மாள் அதைத் தூக்கிப் பரணில் போட்டாள். நேர் அலகாக இரண்டு கத்தி வாங்கினாள். நாற்பது வயதுக்கு மேல் கட்டையில் வைத்து வெட்டப் பழகினாள். முதல் வாரம் விரலெல்லாம் துணி.

"என்னக்கா, கசாப்புக்கடை வைக்கப் போறியா?" என்றாள் மார்க்கெட்டில் ஒருத்தி.

"ஆமாண்டி. மொதல்ல ஒன் வாயத்தான் அறுக்கணும்."

விடிந்ததும் கண்ணையன் இரண்டு கத்தியையும் தீட்டுவார். கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பார். விரலில் ஒன்றும் தட்டுப்படாது. சரி, பிசிர் இல்லை என்று துணியில் சுற்றிக் கூடையில் வைப்பார். சாயங்காலம் அவள் கால் கழுவும்போதே கேட்பார்.

"எப்படி இருந்துச்சு?"

"வஞ்சிரம் வாழத்தண்டாட்டம் போச்சுங்க."

தெருவில் மற்ற பெண்களின் கத்தியையும் வாங்கித் தீட்டலாம் என்று அவருக்கு ஆசை வந்தது. குஞ்சம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊரு வேலையெல்லாம் உங்களுக்கு எதுக்கு? என் கத்தியில மட்டும் கை வைங்க. மத்தவளுக்கெல்லாம் செய்ய வேணாம்." கட்டினவளுக்கு இந்த வயதிலும் இவ்வளவு பொறாமையா என்று அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இப்படி ஆறு வருஷம் போனது.

எண்பத்தைந்து மார்கழியில் குஞ்சம்மாளுக்கு மஞ்சள்காமாலை கண்டது. பதினோரு நாள். அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மார்க்கெட்டில் அவள் இடத்தில் மலர்க்கொடி உட்கார்ந்தாள். கண்ணையன் ஒருநாள்கூட நிறுத்தவில்லை. பெண்டாட்டிக்குத் தீட்டினது போலவே மச்சான் மகளுக்கும் விடியலில் தீட்டி வைத்தார். அவருக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

நாலாம் நாள் கத்தியைக் கையில் எடுத்ததும் அலகில் சாணைச் சக்கரத்தின் கோடு தெரிந்தது.

"யாருகிட்ட குடுத்த?"

மலர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். "கோவப்படாதீங்க மாமா. நாலு மீனுக்கு மேல நிக்க மாட்டேங்குது. ஆளுங்க கத்துறாங்க."

"ஒன் அத்தைக்கு ஆறு வருஷம் நின்னுச்சுடி! ஒனக்கு வெட்டத் தெரியல, கத்தியச் சொல்றியா?"

அவள் அழுதுகொண்டே போய்விட்டாள். கை வெந்ததிலிருந்து ஒன்பது வருஷமாக மார்க்கெட் பக்கமே போகாதவர், யாரும் கையைப் பார்த்து உச்சுக்கொட்டக் கூடாது என்று இருந்தவர், மறுநாள் துண்டைக் கைமேல் போட்டுக்கொண்டு கிளம்பினார். அந்தப் பிள்ளை என்ன தப்பு செய்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

தப்பே இல்லை. முதல் மீன் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் ஒரு இழுப்பு கூடுதலானது. ஐந்தாவது மீனில் கத்தி தோலைக் கடிக்காமல் சறுக்கியது. அவள் கை பிடித்த பிடியும் வைத்த வாட்டமும் அத்தையினுடையதே.

எதிர் டீக்கடை நெய்னா முகம்மது டீயோடு வந்தார். கத்தி சறுக்குவதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கோப்பையில இழுக்கலயா?" என்றார்.

"எந்தக் கோப்பை?" என்றாள் மலர்க்கொடி.

அப்போதுதான் நெய்னா கண்ணையனைக் கவனித்தார். அவர் முகம் மாறிவிட்டது. "ஒன்னுமில்லண்ணே, சும்மா…"

"கொண்டாங்க," என்றார் கண்ணையன்.

கைப்பிடி உடைந்த வெள்ளைப் பீங்கான் கோப்பை. கவிழ்த்தால் அடியில் பளபளப்பு இல்லாத சொரசொரப்பான வளையம். அது முழுக்க இரும்பு ஏறிக் கறுத்திருந்தது. நெய்னா கத்தியை வாங்கி அந்த வளையத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பத்து இழுப்பு இழுத்துக் கொடுத்தார். ஐந்தாவது மீன் தண்ணீரை வெட்டுவது போல் போனது.

"அக்கா வந்ததும் மொதல்ல இதத்தான் கேப்பாங்க. டீயெல்லாம் அப்புறந்தான். 'எல்லாத்தையும் அவரே செஞ்சுட்டாரு நெய்னா, ஒரு முடி மட்டும் பாக்கி'ம்பாங்க."

"எத்தன நாளா?"

"கத்தி வாங்குன நாள்லேர்ந்துண்ணே."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

நெய்னா கோப்பையைத் துண்டால் துடைத்தார். "நான் கேட்டேண்ணே. 'சொன்னா அந்தப் பலகையத் தூக்கி அடுப்புல வச்சிடுவாரு. அப்புறம் விடிஞ்சா எதுக்கு எந்திரிப்பாரு'ன்னாங்க."

பக்கத்து மீன்காரிகள் யாரும் இவர் பக்கம் திரும்பவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவர் அவர் ஒருவர்தான்.

வீடு வரைக்கும் நடந்தே வந்தார். பலகை செய்த புதிதில் ஒருநாள் அவள் அடுப்படியில் ஏதோ கோப்பையில் கத்தியை உரசியதும், "நான் தீட்டுனது ஒனக்குப் பத்தலையா?" என்று இவர் கூடையை எட்டி உதைத்ததும், "கோப்பையில ஒட்டுன கறையச் சொரண்டுனேங்க" என்று அவள் சொன்னதும் வழியில் ஞாபகம் வந்தன. பிறகு வீட்டில் அவள் ஒருநாளும் உரசியதில்லை.

மறுநாள் விடிந்ததும் கத்தியைக் கவ்வியில் மாட்டினார். தீட்டினார். கட்டைவிரலை ஓட்டினார். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் பிசிர் இல்லை என்று அர்த்தமில்லை, விரல் செத்துப் போயிருக்கிறது என்று அர்த்தம். இத்தனை வருஷம் கழித்து அது இப்போதுதான் விளங்கியது. அலகை முழங்கைக்குக் கீழே உள்பக்கம், நெருப்புப் படாத இளந்தோலில் மெல்ல வைத்து இழுத்தார்.

சுருக்கென்று பிடித்தது. முள்மாதிரி.

பிசிர்.

அடுப்படியில் இருந்த கோப்பை ஒன்றை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். நாலு இழுப்பு, மறுபடி தோலில் பார்த்தார். இன்னும் இருந்தது. இன்னும் நாலு. இன்னும் இரண்டு. தோலில் வழவழவென்று போனது. அவ்வளவுதான் வேலை. யாராவது சொல்லியிருந்தால் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்திருப்பார்.

சாயங்காலம் மலர்க்கொடி வாசலில் நின்றுகொண்டே சிரித்த முகமாகச் சொன்னாள்: "மாமா, இன்னிக்குப் பூரா நின்னுச்சு! நெய்னா மாமா கோப்பைய நீட்டுனாரு, வேணான்னுட்டேன்."

"அப்படியா," என்றார் கண்ணையன். எழுந்து உள்ளே போனார்.

மலர்க்கொடி அவருக்கென்று கொண்டுவந்த சங்கரா மீனைச் சட்டியில் போடப் போனவள், உள்ளிருந்து வந்த குரலைக் கேட்டு நின்றாள். சாவு வீட்டில்கூட வாய்விட்டு அழாத மனுஷன், சுவரோடு சண்டை போடுவது போல் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்த… ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடி? சொன்னா செத்தா போயிருப்பேன்? ஒரு நாளாச்சும் முழுசாத் தீட்டிக் குடுத்திருப்பேனேடி ஒனக்கு!"

மலர்க்கொடி மீனை அப்படியே மூடி வைத்துவிட்டு, சத்தம் போடாமல் தெருவில் இறங்கினாள்.