மோகனராஜும் பழைய பாஸ்வேர்டும்

விரலை மடக்கிச் சுவரைத் தட்டி, காதை ஒட்டவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் மோகனராஜ். "இந்தச் சுவரு ரொம்ப மொத்தம் அக்கா. உள் ரூமுக்கு லைன் சுணங்கித்தான் வரும்," என்றார். சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடியில் பாதி வீடுகளுக்கு இணைய இணைப்பு போட்டவர் அவர்தான். சுவரோடு பேசுகிற மனுஷன் என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஐம்பதைத் தாண்டிய ஆள். சட்டைப் பையில் ஸ்குரூடிரைவரோடு திருநீற்றுப் பொட்டலமும் இருக்கும். வேலை நேரத்தில் தேத்தண்ணீர் கொடுத்தால், "பொங்குஸ் பண்ணிடுங்க," என்று பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிப் போவார். 'செத்துப்போச்சு' என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. "நாலு பேரு வாழுற வீட்டுல நின்னுகிட்டு, லைன் செத்துப்போச்சுன்னு சொல்லலாமா? தூங்குதுன்னு சொல்லணும்லா," என்பார். சாமி படத்துக்குப் பக்கத்தில் இணையப் பெட்டியை வைத்தால் வேகம் கூடும் என்று யாராவது நம்பினால், மறுபேச்சுப் பேசாமல் அங்கேயே மாட்டிவிடுவார். ஊரோடு ஒத்துப்போகிற ரகம்.

அன்று பிற்பகல் என் எதிர்வீட்டு ரோசம்மா அக்காவுக்குப் புது இணைப்பு. துணைக்கு நானும் அங்கே இருந்தேன். பழைய பெட்டி இடி மின்னலில் கருகிவிட்டது. அக்காவுக்கு வேகமும் வேண்டாம், விளையாட்டு சேனலும் வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தம்பி, லைனோட பழைய பேரும் பாஸ்வேர்டும் மாறக்கூடாது. என் மவன் வந்தா, அவன் போனு யாரையும் கேக்காம தானா சேந்துக்கணும்."

அக்காவின் மகன் ஜெரமி மூன்று வருடங்களுக்கு முன் படகில் மீன் பிடிக்கப் போனவன். படகு மட்டும் கரை ஒதுங்கியது. அவனுக்காக இறந்தோர் பூசை வைக்க அக்கா இன்றுவரை சம்மதிக்கவில்லை. மோகனராஜுக்கும் இது தெரியும். தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

பெயரைப் போட்டாயிற்று. பாஸ்வேர்டுதான் சிக்கல். "வாழைப்பழத்த இங்கிலீஷ் எழுத்துல வச்சான் தம்பி. எழுத்தெல்லாம் எனக்கு எங்க தெரியும்?" என்றார் அக்கா. ஜெரமி அப்போதே டிவியை இணைத்து வைத்திருந்தான். எழுத்துகள் சரியாக விழுந்தால் அது தானாகப் பிடித்துக்கொள்ளும் என்றார் மோகனராஜ். 'ழ'வுக்கு எந்த எழுத்தைப் போட்டிருப்பான் என்று மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தார். டிவி அசையவில்லை. அக்காவின் முகம் வாடிப்போனது.

"அக்கா, நீங்க அத எப்படிச் சொல்லுவீங்க? ஒரு தடவ சொல்லுங்க."

"வாயப்பயம்," என்றார் அக்கா. "இதச் சொல்லித்தான் என்னைய எந்நேரமும் கிண்டல் பண்ணுவான்."

மோகனராஜ் அவர் சொன்னபடியே அடித்தார். டிவி பிடித்துக்கொண்டது. அக்கா மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டார்.

மோகனராஜ் மட்டும் தன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். எவையெல்லாம் இணைந்திருக்கின்றன என்று காட்டும் திரை அது. முதலில் டிவி. அதற்குக் கீழே ஜெரமி என்றிருந்தது.

"தம்பியோட பழைய போன் வீட்டுல எங்கயாச்சும் கெடக்குதா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அவன்கூடவே போச்சே."

"சிக்னலு இந்தக் கோரிடோரத் தாண்டாதே," என்று தனக்குள் முணுமுணுத்தார் மோகனராஜ். இரும்புக் கதவுக்கு வெளியே பார்த்தோம். வெயில்தான் கிடந்தது. திரையில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒற்றைக் கோடாக இருந்த சிக்னல் இரண்டானது. பிறகு மூன்றானது.

மோகனராஜ் எழுந்தார். வாசலை மறித்துக் கிடந்த தன் ஏணியைத் தூக்கி, ஓர் ஆள் நடந்து வர வழிவிட்டு, சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்.