கிட்டுசாமி தலையாட்டியது

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் பாத்திரம் கழுவுவது என் வேலை. எங்களுக்கென்று தனியாகக் கோயில் கிடையாது. டெக்சாஸின் தென்கோடியில், மெக்ஸிகோ எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் சின்ன ஊர் அது. அங்கே இருந்த தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, முருகனின் வேல் ஒன்றை வைத்துக் கும்பிட்டு வந்தோம். அந்தக் கூடத்தின் பின்பக்கத்தில் வெந்நீர் வராது. தை மாதத்தில் அண்டா கழுவினால் விரலெல்லாம் மரத்துப்போகும். நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை குழாயைத் திறந்தேன், சுடச்சுடத் தண்ணீர் வந்தது. யார் சரிசெய்தது என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ரொம்ப நாள் கழித்து, வெந்நீர் ஹீட்டருக்குப் பின்னால் விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்தபோது பேனா அளவில் ஒரு டார்ச் கிடந்தது. கேஸ் கம்பெனி பெயர் போட்ட டார்ச். அந்தக் கம்பெனியில் வேலை பார்ப்பவர் எங்களில் ஒருவர்தான், கிட்டுசாமி. கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

அந்தத் தலையாட்டலைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. நம் ஊரில் எல்லோரும் ஆட்டுவதுதான். இவருக்குக் கொஞ்சம் கூடுதல். இடமும் வலமுமாக மெதுவாகச் சாயும். சரி என்பதற்கும் அதுதான், கேட்டுக்கொண்டேன் என்பதற்கும் அதுதான், செய்துவிடுகிறேன் என்பதற்கும் அதுதான். அவர் மனைவி சாந்தாமணி இதை வைத்து அவரைப் பாடாய்ப் படுத்துவாள்.

"ஆபீஸ்ல இவரோட மேனேஜர் என்ன சொல்லியிருக்கான் தெரியுங்களா அக்கா? கிட்டு, உன் தலைய நம்பி நான் ஒரு மெஷினையும் நிறுத்த மாட்டேன், எதுன்னாலும் வாயத் தொறந்து சொல்லுன்னு. இங்க வந்து இத்தன வருசமாச்சு, இன்னும் தலையிலயே இங்கிலீஷ் பேசிட்டிருக்காரு."

அதற்கும் அவர் தலையைத்தான் ஆட்டினார். நாங்கள் சிரித்தோம். 

உடுமலைப்பேட்டைப் பக்கத்துக்காரர். ஊருக்கு வெளியே முள்வேலி போட்ட ஒரு ஸ்டேஷனில் அவருக்கு வேலை. லாரி அளவு எஞ்சின்கள் அங்கே இரைந்துகொண்டே இருக்கும். வடக்கேயிருந்து வரும் கேஸைக் குழாய்க்குள் அழுத்தி, எல்லையில் ஓடும் ஆற்றுக்கு அடியில் மெக்ஸிகோவுக்குத் தள்ளுவதுதான் அவற்றின் வேலை. நான் ஒரு டாக்டர் வீட்டில் சமைப்பவள், அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவள். எனக்குப் புரியும்படி அவர்தான் ஒருநாள் சொன்னார்.

"இங்க எண்ணெய்க்குன்னு தோண்டுனா கேஸ் கூடவே வந்து கொட்டுதுங்க அக்கா. வச்சுக்க எடமில்லாம எரிச்சு உடறாங்க. அக்கரையில கரண்டுக்கு அதுதான் வேணும். முன்னெல்லாம் அங்க அரசாங்கம் ஒண்ணுதான் வாங்கும், விக்கும். அப்பறம் சட்டத்த மாத்துனாங்க. யாரு வேணா வாங்கலாம், யாரு வேணா குழா போடலாம்னு. அதுக்கப்பறம் வந்ததுதான் இந்தக் குழாயெல்லாம்."

"அப்ப இந்த ஊருக்கு?"

"இந்த ஊருக்கு இதுல திறப்பே இல்லீங்க. நம்மூரு பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலாட்டத்தான். நம்ம காட்டு வழியாத்தான் தண்ணி போகும், மடை நமக்கில்ல. எங்கூர்ல ராவோட ராவா கரைய ஒடைப்பாங்க. இங்க யாரும் அப்படிச் செய்யறதில்லீங்க."

இரண்டாயிரத்து இருபத்தொன்று பிப்ரவரியில் அந்தக் குளிர் வந்தது. டெக்சாஸ் அப்படி ஒரு குளிரைத் தாங்கும் இடமில்லை. கரண்ட் போனது, தண்ணீர்க் குழாய்கள் வெடித்தன. ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியை உடைத்து எரித்தார்கள். கேஸ் கிணறுகளே உறைந்துவிட்டன என்று பேசிக்கொண்டார்கள். மாற்று ஆள் வரமுடியாமல் கிட்டுசாமி ஸ்டேஷனிலேயே மாட்டிக்கொண்டார். சாந்தாமணிக்கு வீட்டில் நிலைகொள்ளவில்லை.

"நீங்க கூட வாங்கக்கா. சோறு குடுக்கறதும் ஆச்சு, ஆளக் கையோட கூட்டிட்டு வர்றதும் ஆச்சு. அந்த மனுசன் முழுசா வீடு வந்து சேர்ந்தாப் போதும் எனக்கு."

மத்தியானம் கிளம்பினோம். கண்ணாடி மாதிரி இருந்த ரோட்டில் அவள் காரை நத்தை போல ஓட்டினாள். மடியில் ரசத் தூக்கை வைத்துக்கொண்டு நான் கந்தர் அலங்காரம் சொல்லிக்கொண்டே போனேன்.

கிட்டுசாமி மட்டும் தனியாக இருந்தார். தாடி முளைத்து, கண் சிவந்து, ஒரு கெட்டிலில் வெந்நீர் எடுத்துக்கொண்டு விரல் தடிமனுள்ள ஒரு குழாய்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். அழுத்தம் ஏறினால் எஞ்சினைத் தானாக நிறுத்தச் சொல்லும் குழாயாம் அது. அதில் பனி அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கு எதுவும் தெரியாதாம், தள்ளிக்கொண்டே இருக்குமாம். அதனால் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன் என்றார். நின்றபடியே இரண்டு வாய் ரசஞ்சோறு சாப்பிட்டார். அதற்குள் போன் வந்தது. பேசிவிட்டு வந்தவர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

"சாந்தா, உத்தரவு வந்திருச்சு. அக்கரைக்குப் போறத நிறுத்தோணுமாம். வடக்க கரண்டு ஆலைக்கே கேஸ் பத்தலயாம். மொதல்ல எஞ்சின எறக்கி நிறுத்தோணும், அப்பறம் வால்வ மூடோணும். அரை மணி நேரந்தான். முடிச்சுட்டு வீட்டுக்குப் போயரலாம்." பிறகு குரல் இறங்கியது. "பாவம், இனி அக்கரையிலயும் இருட்டுதான்."

அப்போதுதான் வேலிக்கு வெளியே அந்த டிரக் வந்து நின்றது.

மூன்று பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவன் கையில் துப்பாக்கி. பக்கத்துப் பண்ணைக்காரன், பெயர் டிராவிஸ் என்று பிறகு தெரிந்தது. அவனுடைய அப்பா மூச்சு மெஷினில் இருந்தவராம். கரண்ட் நின்று, மெஷினும் நின்று, விடிவதற்குள் போய்விட்டாராம். இதுவும் பிறகு தெரிந்ததுதான். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் துப்பாக்கி மட்டும்.

"கதவைத் திறக்காதீங்க" என்று சாந்தாமணி அவர் கையைப் பிடித்தாள்.

"மடை ஒடைக்க வர்றவனுக்குக் கேட்டைப் பூட்டுனாக் கோவம் ஜாஸ்தியாகும் புள்ள. வெறுங்கையோட முன்னால போய் நின்னு பேசுனா அடங்கிருவான். எங்கூர்ல எத்தன பேரைப் பாத்திருக்கறோம்." போய்த் திறந்துவிட்டார்.

டிராவிஸ் கத்தினான். சாந்தாமணி எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன். "எங்க அப்பா குளிர்ல செத்துக் கிடக்கறாரு. நீ இங்கயிருந்து கேஸை மெக்ஸிகோவுக்கு அனுப்பிக்கிட்டிருக்கே. இதை மூடுவியா, மாட்டியா?"

கிட்டுசாமி அவன் கண்ணைப் பார்த்தார். மூடத்தான் போகிறேன் என்று சொல்ல அவர் வாய் திறக்கவில்லை. எப்போதும் போலத் தலைதான் முந்திக்கொண்டது. இடமும் வலமுமாக மெதுவாகச் சாய்ந்தது.

டிராவிஸ் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் வாயில் அடித்தான். பல் நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அவர் மல்லாந்து விழுந்தார். எழுந்திருக்கக் கை ஊன்றினார். அந்தக் கையை இன்னொருவன் பூட்ஸ் காலால் மிதித்து நின்றான். விரல்கள் சுள்ளி மாதிரி முறிந்தன. சாந்தாமணி ஓடிப்போய் அவன்மேல் விழுந்து முதுகில் குத்தினாள். தலைமுடியைப் பிடித்து அவளைப் பனிமேல் வீசினான். ரசத் தூக்கை அவன் முகத்தில் விட்டெறிந்தேன். முருகா முருகா என்று கத்தினேனே தவிர, அதற்கு மேல் எனக்கு எதுவும் வரவில்லை.

டிராவிஸ் அடிப்பதை நிறுத்தவில்லை. விலாவில் அடித்தான், தோளில் அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் அழுதான். அடிக்கிறவன் அப்படி அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மூன்றாமவன் வால்வின் சக்கரத்தைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்துவிட்டான். ரத்தம் வழியும் வாயோடு கிட்டுசாமி கத்தினார். "நோ! எஞ்சின் ஃபர்ஸ்ட்! எஞ்சின் ஃபர்ஸ்ட்!" அவர்கள் காதில் "நோ" மட்டும்தான் விழுந்திருக்கும். டிராவிஸும் போய்ச் சக்கரத்தில் கை வைத்தான். இரண்டு பேருமாக மூடினார்கள்.

எஞ்சின் நிற்கவில்லை. வெந்நீர் ஊற்ற ஆளில்லாமல் அந்தச் சின்னக் குழாய் மறுபடி உறைந்துவிட்டது. போக வழியில்லாத குழாய்க்குள் கேஸ் ஏறிக்கொண்டே போனது. தரை நடுங்கியது. பிறகு குழாய்கள் சேரும் மூட்டு ஒன்று பிய்த்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் காது வாங்கவில்லை, நெஞ்சுதான் வாங்கியது. நெடியே இல்லை. வீட்டுக்கு வரும் கேஸுக்குத்தான் மணம் சேர்ப்பார்களாம், இதற்குக் கிடையாதாம். அவர்களுடைய டிரக்கோ எஞ்சின் ஓடியபடி நின்றிருந்தது.

பற்றிக்கொண்டது.

அந்த வெளிச்சத்தில் பனியெல்லாம் மஞ்சளாகிவிட்டது. இரண்டு பேர் வேலிப்பக்கம் ஓடினார்கள். டிராவிஸ் ஓடவில்லை. முதுகில் தீயோடு நின்ற இடத்திலேயே சுற்றினான்.

கிட்டுசாமி எழுந்தார். எப்படி எழுந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "வாங்க, ஓடிரலாம்" என்று சாந்தாமணி கூப்பிட்டாள். அவர் தீயை நோக்கித்தான் நடந்தார். சுவரில் எஞ்சின்களை நிறுத்தும் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. விரல் முறிந்த கையால் முடியாமல் முழங்கையால் இடித்தார். எஞ்சின்கள் ஒவ்வொன்றாக மூச்சை நிறுத்தின. மூச்சு நின்றதும் தீயின் உயரம் குறைந்தது. அப்போதே திரும்பியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். திரும்பவில்லை. டிராவிஸின் காலரை மிச்சமிருந்த பல்லாலும் மறு கையாலும் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டு வரும்போது இவருடைய சட்டையும் பற்றியது, கழுத்தும் பற்றியது. நாங்கள் இரண்டு பேரும் பனியை வாரி வாரி அவர்கள்மேல் கொட்டினோம். பனி பட்ட இடமெல்லாம் தோல் பொசுங்கிய நாற்றம் எழுந்தது.

டிராவிஸ் பிழைத்தான். ஒரு காது இல்லை. கோர்ட்டில் நின்று, "மூடுவியான்னு கேட்டேன், மாட்டேன்னு தலையை ஆட்டினான்" என்றான். சாந்தாமணி சாட்சிக் கூண்டில் ஏறினாள். அந்தத் தலையாட்டல் எப்படி இருந்தது என்று வக்கீல் கேட்டபோது, தன் தலையை மெதுவாகச் சாய்த்துக் காட்டினாள். "இதுக்கு எங்க ஊர்ல ஆமான்னு அர்த்தம். அவர் மூடத்தான் போனார்" என்றாள். டிராவிஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் குனிந்தான். அவனுக்கு ஜெயில்தான். அவனுக்காகவும் நான் விளக்கேற்றுகிறேன். சாந்தாமணிக்கு அது பிடிக்காது, ஆனாலும் தடுக்க மாட்டாள்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. கிட்டுசாமியை நாங்கள் கடைசியாகப் பார்த்தது சான் அன்டோனியோவில், தீக்காயம் பட்டவர்களுக்கான வார்டில். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகக் கட்டில் சக்கரத்தின் பூட்டை விடுவித்துவிட்டார்கள். தலை முழுக்கத் துணிக்கட்டு, கழுத்தைச் சுற்றிப் பட்டை. கண் இரண்டு மட்டும் அவருடையதாக இருந்தது. திருநீற்றை நெற்றியில் இட இடமில்லாமல் தலையணை ஓரத்தில் தூவினேன்.

சாந்தாமணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஏனுங்க, வீட்டுக்கு வந்துருவீங்கல்ல?"

கழுத்தை அசைக்கப் பார்த்தார். அசையவில்லை. உடைந்த பல்லோடு, காற்றுப் போகும் குரலில் மெல்லச் சொன்னார்.

"கழுத்துத் திரும்ப மாட்டேங்குது புள்ள. உடு, தலையாட்டித்தான் என்னத்தக் கண்டேன். வாயிலயே சொல்லிப்போடறேன். ஆமா." பிறகு கண்ணை என் பக்கம் திருப்பினார். "அக்கா, போயிட்டு வர்றனுங்க."