ஒட்டிக்கொண்டிருந்த வளையம்

என் அக்கா நாசிராவின் கணவர் இசாபெக், வாங்கிய நாளிலிருந்து தன் பிக்கப் வண்டியில் ஒரு மெக்கானிக்கையும் கைவைக்க விட்டதில்லை. "மெக்கானிக் ஒரு தடவை தொட்டுட்டா அது அவன் வண்டி மச்சான்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க்காரர்களின் ஆடுகளை ஏற்றிக்கொண்டு ஆட்பாஷி சந்தைக்குப் போவார். மற்ற நாட்களில் வைக்கோல், நிலக்கரி, எப்போதாவது ஒரு மணப்பெண்ணின் பெட்டிகள்.

ஒவ்வொரு வருடமும் கடும் உறைபனிக்கு முன்பு வீட்டு முற்றத்திலேயே டீசல் ஃபில்டரை மாற்றிவிடுவார். டம்ளர் அளவுள்ள இரும்புக் குப்பி அது. பழைய பெல்ட் ஒன்றை அதன் இடுப்பில் சுற்றி முறுக்கினால் கழன்று வரும். புதியதில் டீசல் நிரப்பி, வாயிலுள்ள ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவி, கையாலேயே இறுக்க வேண்டும். பிறகு மேலே இருக்கும் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். பொத்தான் கல்லாக இறுகினால் வேலை முடிந்தது. இதையெல்லாம் வருடா வருடம் எனக்கு விளக்குவார். நான் பள்ளிக்கூட வாத்தியார், அதனால் எனக்கு எதுவும் தெரியாது என்பது அவர் முடிவு.

இந்த வருடம் குளிர் முந்திக்கொண்டது. விரல்கள் மரத்துப்போக, அவசரமாக முடித்துவிட்டு, "இருபதே நிமிஷம்" என்று அக்காவிடம் போய்ப் பெருமையடித்தார். முற்றத்தில் வண்டி நன்றாகத்தான் ஓடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு வீட்டு ஆடுகள், மொத்தம் பதினாலு. குளிர்காலத்துக்குப் பூட்ஸ் வாங்க நானும் ஏறிக்கொண்டேன். மேட்டில் ஏறும்போது இன்ஜின் இருமி நின்றது. அத்தான் பொத்தானை அழுத்தினார், கிளம்பியது. ஐம்பது அடி போய் மறுபடி நின்றது. ஏழெட்டு முறை இப்படியே ஆனதும் பொத்தான் பிசைந்த மாவைப் போலக் கொழகொழவென்று உள்ளே போனது. சந்தை கலைகிற நேரம் தாண்டியபின், நிலக்கரி லாரிக்காரன் ஒருவன் கயிறு கட்டி எங்களை ஊருக்கு இழுத்து வந்தான்.

ஊர்க் கடை வாசலில் ஆட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். "என்ன இசாபெக், ஆடுங்களுக்கு ஊரச் சுத்திக் காட்டிட்டு வந்தியா?" என்றார் அஷிர். எல்லோரும் சிரித்தார்கள். அத்தானின் காது சிவந்தது. காரணம் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

"துர்துகான் டீசல்ல தண்ணி. நான் என்ன பண்ண முடியும்?" என்றார்.

துர்துகான் கணவனை இழந்தவர். கடைக்கு நேர் எதிரே வீடு. ஐந்து லிட்டர் பாட்டில்களில் டீசலை வாசலில் வரிசையாக வைத்து விற்பதுதான் பிழைப்பு. ஒவ்வொரு பாட்டிலையும் வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் நிரப்புவார். அப்போதும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். அத்தான் என் பக்கம் திரும்பினார். "நீயும் பாத்தல்ல மச்சான்?"

நான் எதையும் பார்த்திருக்கவில்லை. தலையாட்டினேன்.

"என் துணியில ஒரு சொட்டுத் தண்ணி நிக்கலையே தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அந்த வாரம் பாட்டில் வரிசை குறையவே இல்லை. எல்லோரும் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெட்ரோல் பங்க்குக்குப் போனார்கள். பள்ளி ஆசிரியர் அறையில் நான் அதிகம் பேசுகிறவனில்லை. திங்களன்று இந்த டீசல் கதையைப் பேசினேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக் கேட்டார்கள். அந்த ருசியில் "பாதி தண்ணி" என்றும் சேர்த்துவிட்டேன்.

புதன்கிழமை அத்தான் ஃபில்டரை மறுபடி கழற்றினார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். புது ஃபில்டரின் வளையம் அதனோடேயே வந்தது. அது உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்தவரின் கை நின்றது. நகத்தால் நெம்பினார். இன்னொரு வளையம் வந்தது. போன வருடத்தியது; தட்டையாகிக் கறுத்து, அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் மேலேயே புதியதை வைத்து இறுக்கியிருக்கிறார். அந்த இடுக்கு வழியாகத்தான் இன்ஜின் காற்றை இழுத்திருக்கிறது.

முதலில் வாசலைப் பார்த்தார், யாரும் வருகிறார்களா என்று. பிறகு டாங்கிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து வெயிலில் வைத்தார். அடியில் எதுவும் தேங்கவில்லை. நசுங்கிய இரண்டையும் பையில் போட்டுவிட்டு, வேறொரு புது வளையத்தை மட்டும் வைத்து மாட்டினார். வண்டி மேட்டில் ஏறி இறங்கி வந்தது, துர்துகானின் அதே டீசலில்.

"யாராவது கேட்டா டாங்கக் கழுவிட்டேன்னு சொல்லு" என்றார். கேட்டார்கள். சொன்னேன்.

அதன்பிறகு அத்தான் பின் சந்து வழியாகத்தான் கடைக்குப் போனார். வெள்ளிக்கிழமை பனி அந்தப் பின்வழியை அடைத்துவிட, இருவரும் முன் தெருவில் நடக்க வேண்டியதாயிற்று. துர்துகான் அப்போதுதான் சுட்ட ரொட்டியைத் துணியில் ஏந்தி வாசலுக்கு வந்திருந்தார். ரொட்டியை எதிரே கண்டவன் ஒரு துண்டு வாயில் போடாமல் எங்கள் ஊரில் கடந்து போக முடியாது. கொடுப்பவரும் ஆள் பார்த்துக் கொடுப்பதில்லை. அவர் அத்தானின் முகத்தைப் பார்க்காமல் ரொட்டியை நீட்டினார்.

அத்தான் கிள்ளி வாயில் போட்டார். மென்றார், மென்றுகொண்டே இருந்தார். பையிலிருந்து அந்தப் பழைய வளையத்தை எடுத்து, ரொட்டி இருந்த துணியின் ஓரத்தில் வைத்தார்.

"அக்கா, தண்ணியெல்லாம் இல்ல. பழசக் கழட்டாம அது மேலயே புதுச மாட்டிட்டேன். தப்பு என்மேலதான்."

துர்துகான் அதைப் பார்த்தார். "இத எங்கிட்ட ஏன் காட்டுற? தண்ணி இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்." வளையத்தை அத்தான் கையிலேயே திருப்பி வைத்து, மோவாயால் கடையைக் காட்டினார். "அங்க காட்டு."

ஞாயிறு காலை கடை வாசலில் ஆடுகளை ஏற்றும்போது அத்தான், பழையதும் கழற்றிப்போட்ட மற்றதுமாக இரண்டு வளையங்களையும் இரண்டு விரலில் மாட்டி, கையைத் தூக்கிக் காட்டி, நடந்ததைச் சொன்னார். "ரெண்டு மோதிரமா? நாசிராவுக்குத் தெரியுமா?" என்றார் அஷிர். பெரிய சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை அத்தான் கையை இறக்கவில்லை.

"நல்லா சிரிங்க. ஆனா டீசல அந்த அக்காகிட்ட வாங்குங்க."

பிறகு வண்டியை எதிர்வாசலுக்கு ஓட்டிப்போய் எல்லோர் கண்ணெதிரிலும் இரண்டு பாட்டில் ஊற்றிக்கொண்டார். அஷிர் ஒன்று வாங்கினார். மற்றவர்கள் ஆடுகளைத் தடவிக்கொண்டு நின்றார்கள்.

புறப்படும்போது ஒரு வளையத்தை என் உள்ளங்கையில் வைத்தார். "இது உன்னுது மச்சான். எங்கெல்லாம் சொன்னியோ அங்க போய்க் காட்டு."

நான் எங்கேயும் சொன்னதாக அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில், புதிதாக வந்த டீச்சரிடம் சரித்திர வாத்தியார் சொல்லிக்கொண்டிருந்தார்: "துர்துகான்கிட்ட மட்டும் வாங்கிடாதீங்க. பாதி தண்ணி." வளையம் என் சட்டைப் பையில் இருந்தது. மணி அடித்தது, சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஆசிரியர் அறையில் வளையத்தைத் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தேன். பாதி தண்ணி என்று சொன்னவன் நான், அது பொய் என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. சரித்திர வாத்தியார் காதைத் திருப்பி, "என்ன சொன்னீங்க?" என்றார்.

அறை முழுக்கத் திரும்பிப் பார்க்க, இன்னொரு முறை, சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.