உப்பளத்துக்கு மேல் நின்ற பொருளும் ஒரு வாக்குமூலமும்

மரக்காணம் உப்பளத்துக்கு மேல் அன்று மாலை நின்றது எந்தக் கிரகத்திலிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. எனக்குத் தெரியாது, அந்த மாலையில் நான் அங்கே இல்லை. அதைப் பற்றி அரசு நடத்திய விசாரணையில் இருந்தேன். அங்கே நடந்தது முழுவதும் எனக்குத் தெரியும். அதற்கு மட்டும் நான் பொறுப்பேற்க முடியும்.

விழுப்புரம் தனி மாவட்டமாகி ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. பழைய மாவட்டத்தின் பெயரைப் பேனாவால் அடித்துவிட்டுப் புதிய பெயரை மேலே எழுதிய தாள்களையே பயன்படுத்திக்கொண்டிருந்தோம். திண்டிவனத்தில் ஒரு வருவாய் அலுவலகத்தில் நான் தற்காலிகத் தட்டச்சர். இயற்பியலில் பட்டம் பெற்றிருந்தேன். வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாக வந்த அந்த நியமனத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை நீட்டித்துத் தருவார்கள். நீட்டிக்கப் பரிந்துரைக்கும் கையெழுத்து எந்த அதிகாரியுடையதோ, அவர்தான் அந்த விசாரணைக்கும் அதிகாரி.

உப்பளத்தை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்தில், பொழுது சாயும் வேளையில், தட்டையான ஒரு பொருள் ஆகாயத்தில் அசையாமல் நின்றுவிட்டுப் பிறகு கடலை நோக்கிப் போனதாகப் பலர் சொன்னார்கள். நாளிதழ் ஒன்றில் நான்கு வரிச் செய்தி வந்தது. கடற்கரை என்றாலே மேலிடம் பதறிய காலம் அது. ஒரு வாரத்துக்குள் விசாரித்து அறிக்கை அனுப்பவும் என்று உத்தரவு வந்தது.

பெருமுக்கல் தாண்டும்போதே ஜீப்பின் முன் இருக்கையிலிருந்து அதிகாரி திரும்பிச் சொன்னார்: “வானிலை பலூன்னு முடிச்சிடலாம்மா. ஒரு மணி நேர வேலை. சாப்பாட்டுக்குத் திரும்பிடலாம்.”

நான் தலையாட்டினேன். முடிவை முதலில் எழுதிவிட்டு விசாரணைக்குப் போகிறோம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. எனக்கும் பசித்தது.

குப்பத்துப் பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கொட்டகையில் நாற்காலி போட்டார்கள். கிராம உதவியாளர் ஆண்கள் சிலரை வரிசையில் நிறுத்தினார். அதிகாரி ஒவ்வொருவரிடமும் முதல் கேள்வியாக ஒன்றையே கேட்டார்: “குடிச்சிருந்தியா?”

அந்தக் கரையில் சாராய ரெய்டு ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னாலும் ஆபத்து. ஆகவே யாருமே எதையும் பார்க்கவில்லை.

“நான் பாக்கல சார். இவன்தான் சொன்னான்.”

“நான் எங்கடா சொன்னேன்? ஒம் பொண்டாட்டிதான் தெருவெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சா.”

கிராம உதவியாளருக்குக் கோபம் வந்தது. “நேத்து டீக்கடையில ரெக்க இருந்துச்சி, சன்னல் இருந்துச்சின்னு அளந்தியே? இன்னிக்கிக் கண்ணு அவிஞ்சிபோச்சா?”

“நேத்து நீ கேட்ட, சொன்னேன். இன்னிக்கி ஜீப்பு இல்ல வந்துருக்குது!”

எல்லோரும் சிரித்தார்கள்; அதிகாரியும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கொட்டகையின் உள்பக்கத்திலிருந்து, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, முப்பத்தைந்து வயதிருக்கக்கூடிய ஒரு பெண் வெளியே வந்தார்.

“நான் பாத்தேன் சார். இந்த சென்டர்ல ஆயாவா இருக்கேன்.”

“என்னம்மா பாத்தே?”

“அந்தா, அண்டா மூடி கவுத்து வச்சிருக்குதே, அது மாதிரி தட்டையா. ஆனா பெருசு. உப்பு அம்பாரத்துக்கு மேல நின்னுச்சி. கொக்கெல்லாம் எழுந்து ஓடிப்போச்சி. நான் பத்துப் பாத்தி தாண்டி நடக்கற வரிக்கும் அங்கியே நின்னுச்சி. அப்புறம் கடல் பக்கமாப் போச்சி.”

“பலூன்மா அது.”

“பலூனு எனுக்குத் தெரியும் சார். எங்க ஊட்டுக்காரரு வலையில ரெண்டு தபா வந்துருக்குது. வெள்ள டப்பா, நூலு, கிழிஞ்ச ரப்பரு. அந்த டப்பாவுலதான் உப்பு போட்டு வச்சிருக்கேன், வேணும்னா எடுத்தாரட்டுமா? அது காத்தோட போவும். அன்னிக்கிக் காத்து கடல்லேர்ந்து அடிச்சிக்கினு இருந்துச்சி. இது காத்துக்கு எதிர்ல போச்சி.”

குனிந்து எழுதிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். உயரத்தில் காற்று வேறு திசையில் வீசக்கூடும் என்று எனக்குத் தெரியும். அதனால் அது பலூனாகவே இருந்திருக்கலாம். ஆனால் காற்றின் திசையைக் கவனித்த சாட்சி அந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான். அதிகாரி, “அதெல்லாம் வேணாம், சுருக்கமா எழுது” என்றார். நான் சுருக்காமல் எழுதினேன்.

பிறகு வழக்கமான வேலை நடந்தது. கிராமத்துக்குப் போகும் விசாரணைகளில் சாட்சியிடம் வெள்ளைத் தாளில் ரேகை வாங்கிக்கொள்வார்கள். அலுவலகத்துக்கு வந்தபின் ரேகைக்கு மேலே வாக்குமூலத்தைச் சுத்தமாகத் தட்டச்சு செய்து, கடைசியில், ‘படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது’ என்று சேர்ப்பார்கள். இன்னொரு முறை அவ்வளவு தூரம் போய்வரும் அலைச்சல் மிச்சம். யாரும் இதைத் தவறாக நினைத்ததில்லை. நானும் பல தாள்களில் அந்த வரியை அடித்திருக்கிறேன். ஆண்கள் வரிசையாக விரலை மையில் தோய்த்து வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆயாவின் முன் மைப்பெட்டியை நகர்த்தினார் கிராம உதவியாளர்.

“எனுக்குக் கையெழுத்து வரும். சாயங்கால வகுப்புல கத்துக்கினேன்.”

“அப்பக் கையெழுத்து போடு.”

“எங்க போட? ஒண்ணுமே எழுதலியே. எழுதிக் குடுங்க, கீழ போடறேன்.”

ஆயா என்றால் ரேகைதான் என்று நாங்கள் எடுத்துக்கொண்டது எங்கள் தவறு. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு நாள் கழித்துத் திண்டிவனத்துக்கு வந்து போடும்படி சொல்லிவிட்டு எழுந்தார்.

மறுநாள் அதிகாரி சொல்லச் சொல்ல ஆயாவின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தேன். நாள் முழுதும் அடுப்படியில் வேலை செய்த களைப்பில் தமக்குக் கண்மயக்கம் ஏற்பட்டதாகவும், தாம் கண்டது வானிலை பலூனே என்று இப்போது உணர்வதாகவும், வதந்திக்குக் காரணமானதற்கு வருந்துவதாகவும் அந்த வாக்குமூலம் சொல்லியது. மூன்று கார்பன் நகல் வைத்து, பிழையில்லாமல் அடித்தேன். அடிக்கும்போது விளைவுகளை எண்ணிப் பார்த்தேன். கையெழுத்திட்டால் கோப்பு முடியும். ஆயாவின் வேலை அவரிடம் இருக்கும். என் வேலை என்னிடம் இருக்கும். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு சுலபமாக வரும்.

நான்காம் நாள், கஞ்சி போட்ட புடவையில் ஆயா பேருந்து பிடித்து வந்தார். கூடத்தின் பெஞ்சுகளில் பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் வந்தவர்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் எப்படியோ அவர்களுக்கும் எட்டியிருந்தது.

“இன்னாக்கா, ஒங்க ஊர்ல ராக்கெட்டு வுட்டாங்களாமே?”

“வுட்டாங்க. அடுத்த டிரிப்புல ஒனக்கு ஒரு சீட்டு சொல்லி வெக்கறேன், குந்து.”

அதிகாரி தாளை நீட்டினார். ஆயா விரலை வைத்து எழுத்துக் கூட்டினார். அரசு நடை அவருக்குப் பிடிபடவில்லை. தாளை என்னிடம் கொடுத்தார். “நீ படிச்சிக் காட்டும்மா. கேட்டேன்னுதானே கடைசியில எழுதியிருக்கும்?”

எழுதியிருந்தது. எத்தனையோ தாள்களில் நான் அடித்த அந்த வரியை நிறைவேற்றச் சொல்லி முதன்முறையாக ஒருவர் கேட்டார். கூடம் கேட்க வாசித்தேன். ‘கண்மயக்கம்’ என்ற சொல் வந்ததும் கையை உயர்த்தினார்.

“யாரு கண்ணு மயங்குச்சி? இது நான் சொன்னது இல்ல.”

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “கொழந்தைங்களுக்குச் சோறு போடற வேலைம்மா ஒன்னுது. புத்தி தடுமாறுனவள வச்சிக்க முடியாதுன்னு நான் ஒரு வரி எழுதினா போதும். யோசிச்சிக்க.”

அவர் யோசித்தார். எனக்குக்கூட, போட்டுவிடுங்கள் அக்கா என்று சொல்லிவிடத் தோன்றியது.

“எழுதுங்க சார். அது ஒங்க கையெழுத்துல போவும். இது எங் கையெழுத்துல இல்ல போவுது? எங்க ஊட்டுக்காரரு கடலுக்குப் போறாரு. காத்து மாறினா கரையில நின்னுக்கினு, எந்த போட்டு திரும்புது, எது தத்தளிக்குதுன்னு நான்தான் பாத்துச் சொல்றேன். என் வார்த்தய நம்பித்தான் ஆம்பளைங்க கட்டுமரத்த எடுத்துக்கினு எதிர்ல போறாங்க. என் கண்ணு பொய்யின்னு நானே எழுதிக் குடுத்துட்டா, நாளிக்கி நான் கத்தினா எவன் எழுந்து வருவான்?”

இத்தனை நாளும் நான் போட்ட கணக்கில் இந்த ஒரு வரி இல்லை. கெடுதல் இல்லாத பொய் என்று நான் நினைத்தது, ஒரு குப்பமே நம்பியிருக்கும் கண்ணைப் பிடுங்கப் பார்த்தது. என் மேசை இழுப்பறையிலிருந்து அன்றைய குறிப்பேட்டை எடுத்தேன்.

“சார், அன்னைக்கு அவங்க சொன்னதை அப்படியே எழுதி வச்சிருக்கேன். அதை டைப் அடிச்சிடறேன்.”

“ஒன் ஆர்டர் எப்பம்மா முடியுது?”

“அடுத்த மாசம் சார்.”

“ஞாபகம் இருக்கட்டும்.”

“இருக்கு சார்.”

அடித்தேன். கூடத்தின் நடுவில் நின்று முதலிலிருந்து கடைசிவரை உரக்க வாசித்தேன். அந்த வாசிப்பைப் பற்றிப் பிறகு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்து, முடிவில் எழுத்தெழுத்தாகக் கையொப்பமிட்டார். எழுதியவர் என்ற இடத்தில் நான் கையொப்பமிட்டேன். அதிகாரி தாளை வாங்கிக் கோப்பில் செருகினார்.

அடுத்த மாதம் எனக்கு நீட்டிப்பு வரவில்லை. ஆயாவுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அதற்கான பதில்தான் நான் எழுதிய முதல் மனு. குப்பத்துப் பெண்கள் பலரும் அதில் கையெழுத்திட்டார்கள். அதற்குப் பிறகு எந்தக் கடிதமும் வரவில்லை. அவர் வேலையும் போகவில்லை. நான் கூட்டேரிப்பட்டுச் சாலையோரத்தில் தட்டச்சு இயந்திரத்தை வைத்து மனு எழுதித்தர உட்கார்ந்தேன். இன்றுவரை, வாசித்துக் காட்டாமல் ஒரு மனுவிலும் கையெழுத்து வாங்கியதில்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தக் கோப்பைக் கேட்டேன். காலம் கடந்தது, அழிக்கப்பட்டது என்றார்கள். மேல்முறையீடு செய்தேன். விழுப்புரத்தில், கடலோரப் பாதுகாப்புக் கோப்புகளோடு சேர்த்துக் கட்டிய ஒரு மூட்டையில் அது இருந்தது. வானிலை பலூன் என்று அறிக்கை சொன்னது. சாட்சி ஒருவர் ஒத்துழைக்கவில்லை என்றும் சொன்னது. எந்த வானிலை நிலையத்துக்கும் ஒரு கடிதம்கூடப் போகவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் எங்கள் தாள் இருந்தது.

நகலை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். ஆயா இப்போது சமையலராக உயர்ந்து, ஓய்வு பெறும் ஆண்டில் இருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இப்போது விரல் தேவைப்படவில்லை. பாதியில் நின்றார்.

“இன்னா இது? ‘நின்றதுபோல் எனக்குத் தோன்றியது.’ எனுக்குத் தோணுச்சின்னு நான் எப்போ சொன்னேன்? நின்னுச்சி, பாத்தேன்னு சொன்னேன்.”

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“அன்னிக்கி நீ படிக்கச்சொல்ல பாத்தேன்னுதானே படிச்சே?”

“ஆமாம் அக்கா.”

அப்படித்தான் செய்திருந்தேன். நாளை யாராவது மடக்கினால் தப்பிக்க ஒரு வழி இருக்கட்டும் என்று, அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, தாளில் ‘தோன்றியது’ என்று அடித்தேன். வாசிக்கும்போது ‘பார்த்தேன்’ என்று வாசித்தேன். அந்த அதிகாரி வெள்ளைத் தாளில் செய்ததை, எழுதிய தாளில் நான் செய்தேன். இத்தனை ஆண்டுகளாக என்னை நான் துணிந்தவள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன். அந்த வரியை நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே, ‘நின்றதை நான் பார்த்தேன்’ என்று எழுதி, ஓரத்தில் கையொப்பமிட்டார்.

“நகல்ல திருத்தினா ஆபீசுல செல்லாது அக்கா.”

“அப்ப செல்றாப்புல ஒண்ணு எழுது. தப்பு எழுதினவ நீதானே?”

அங்கேயே, அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதினேன். கோப்பின் ஒன்பதாம் பக்கத்தில் சாட்சி சொல்லாத ஒரு சொல்லை நான் சேர்த்தேன் என்றும், அவர் சொன்னது இதுவே என்றும், இதை அதே கோப்பில் சேர்க்க வேண்டும் என்றும் எழுதி, என் கையெழுத்துக்காகக் கீழே இடம் விட்டேன். கையெழுத்திடப் போனபோது அவர் தடுத்தார்.

“இரு. மொதல்ல படிச்சிக் காட்டு. நான் தாளப் பாத்துக்கினே கேக்கறேன்.”

என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் வாசித்தேன்.