எலுமிச்சம்பழமும் நான்கு நட்டுகளும்

எண்பதுகளில் மலேசியாவில், கிள்ளானில் எங்கள் பட்டறைக்கென்று ஒரு ரேஸ் கார் இருந்தது. நான் மெக்கானிக், ஓட்டுவது சேகர். ஒரு போட்டியன்று டயர் மாற்றி, நட்டுகளைக் கையால் திருகி, ஜாக்கை இறக்கினேன். ஸ்பேனரால் இறுக்குவதற்குள் முதலாளி எலுமிச்சம்பழத்தை நீட்டினார். அதைச் சக்கரத்தடியில் வைத்த வேகத்தில் இறுக்க மறந்துவிட்டேன்.

“அண்ணே, நட்டெல்லாம் டைட்டா?” என்று சேகர் கேட்டான்.

“எனக்கே பாடம் எடுக்கிறியா? பழத்து மேல ஏத்திட்டுப் போ லா.”

இரண்டாவது சுற்றில் சக்கரம் கழன்றது. சேகருக்குக் கால் முறிந்தது. ஆஸ்பத்திரியிலேயே முதலாளி அவனைத் திட்டித் தீர்த்தார்.

“என் தப்புதான் பாஸ். வளைவுல ஓரக்கல்லுல இடிச்சிட்டேன்,” என்றான், என்னைப் பார்க்காமல்.

நான் வாயைத் திறக்கவில்லை. அதோடு டீமும் கலைந்தது. அவன் நொண்டிக்கொண்டு எதிரே வரும்போதெல்லாம் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாவி, ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருக்கலாம்.