செருப்புத் தோல் டிப்

பொம்மசந்திராவில் நான் வேலை பார்த்த பம்ப் தொழிற்சாலையின் கேன்டீன் மாடிக்கு ஒரு நாள், கோலால் பந்தைக் குத்திக் குழியில் தள்ளி ஆடுகிற பூல் மேஜை வந்து சேர்ந்தது. ஏதோ ஓட்டலில் புதுசு வாங்கிவிட்டுப் பழசைத் தள்ளிவிட்டார்கள் போல. எங்கள் முதலாளி அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூரில் எங்கே பார்த்தாலும் பூல் பார்லர் திறந்துகொண்டிருந்த சமயம். எங்கள் மேஜையின் பச்சைத் துணியில் ஒரு மூலையில் குழம்புக் கறை இருந்தது. இருந்தால் என்ன, மேஜை மேஜைதான்.

மதிய இடைவேளையில் ஆம்பளைகள் அதைச் சுற்றி நின்றுகொள்வார்கள். பெண்கள் ஆடக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் கிழித்தாவது போட்டிருப்பேன். சும்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். முதுகோடு எப்படிச் சண்டை போடுவது? இன்ஸ்பெக்ஷனில் என்னோடு இருந்த பெண்களும், பேக்கிங் பெண்களும் டிபன் டப்பாவைக் கழுவப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கோ அந்த மேஜையில் ஆட வேண்டும் என்று அப்படியொரு ஆசை. நாலு பேர் பார்க்க ஆட வேண்டும்.

எங்கள் மர்பி டவுன் பக்கத்துக் கம்பெனி பஸ் மற்ற பஸ்களுக்கு முன்னாலேயே வந்துவிடும். சங்கு ஊதும்வரை கேன்டீன் மாடி காலியாகக் கிடக்கும். அங்கேதான் நான் தனியாக ஆடிப் பழகினேன். ஒரு காலையில் திரும்பிப் பார்த்தால் லேத் பிரிவு டர்னர் ஒருவர் டீ டம்ளரோடு நிற்கிறார். பக்கத்திலேயே வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருந்த கிருஷ்ணகிரிக்காரர். இப்போது என் வீட்டுக்காரர். அது எப்படி ஆனது என்பது வேறு கதை, இங்கே வேண்டாம். அப்போது எங்களுக்குள் இருந்த உறவெல்லாம் ஒன்றுதான்: அவர் கடைந்து அனுப்புகிற ஷாஃப்டுகளை நான் சிவப்புப் பெயின்ட் வைத்துத் திருப்பி அனுப்புவேன். அளவு சரியாக இருக்கும், பினிஷ் போதாது. "விரலால தடவினா நெருடுது"ன்னு நான் சொல்ல, "அது பம்புக்கு உள்ளதானே போவப்போவுது, யாரு தடவப் போறாங்க"ன்னு அவர் சொல்ல, தினமும் இதே கூத்து.

அன்றைக்கு அவர் ஷாஃப்டைப் பற்றிப் பேசவில்லை. "இன்ஸ்பெக்ஷன் மேடம், வெள்ளைப் பந்த எப்படி அப்படிப் பின்னால வர வெச்சீங்க?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பந்தின் கீழ்ப்பாதியில் குத்தினால் அது எதிர்ப்பந்தை இடித்துவிட்டுத் திரும்பி வரும் என்பதை நானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தேன். அதை முதன்முதலாகக் கேட்ட ஆள் அவர்தான்.

ஆயுத பூஜை அன்று போட்டி என்று அறிவித்தார்கள். ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர், ஷாப் என்கிற எங்கள் பட்டறைப் பக்கம் இரண்டு பேர். ஒரு ஜோடிக்கு ஒரே கியூ, அதாவது பந்தைக் குத்துகிற கோல். ஒரு அடி ஒருவர், அடுத்த அடி மற்றவர். எங்கள் பக்கம் ஒருவர் டர்னர்; தன் ஜோடியாக அவர் என் பெயரைச் சொன்னதும் போர்மேன் கையை உதறினார். அவர் கன்னடக்காரர், எங்களோடு பேசிப் பேசி இரண்டும் கலந்த ஒரு பாஷை வைத்திருந்தார். "பேடாம்மா, வேணாம், சும்னே எதுக்கு ரிஸ்க்கு?" என்றார். நான் விடுவேனா? அவர் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போனேன். கடைசியில் பேஜாராகி, "சரி, ஆடு. முதல் அடியிலேயே சொதப்பினா அப்பவே வேற ஆள் போட்டுடுவேன்" என்றார். ஷாப் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நான் சொதப்பினால் அதற்கப்புறம் எந்தப் பெண்ணும் அந்த மேஜைக்குக் கிட்டே வர முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

எங்களுக்குக் கிடைத்த கியூவின் நுனியில் டிப்பே இல்லை. அந்தச் சின்ன வட்டத் தோல்தான் பந்தைத் தொடுகிற இடம். அது இல்லாவிட்டால் கியூ வெறும் குச்சி. "கடையில எதுக்கு வாங்கணும், நான் எதுக்கு இருக்கேன்" என்று டர்னர் மூன்று தோல் கொண்டுவந்தார். ஒன்று, பழைய மெஷினில் அறுந்த பெல்ட். இன்னொன்று பம்ப் வாஷர். மூன்றாவது, அல்சூர் மார்க்கெட்டில் செருப்புத் தைப்பவரிடம் வாங்கிய அடித்தோல், புதுசு. மூன்றையும் வட்டமாக வெட்டி, மாற்றி மாற்றி ஒட்டி, காலை நேரத்தில் ஆடிப் பார்த்தோம்.

வாஷர் முதல் நாளே போய்விட்டது. எண்ணெய் ஊறிய தோல். நுனி வழுக்காமலிருக்கத் தேய்க்கிற சாக்கட்டியை எத்தனை தேய்த்தாலும் பிடிக்கவில்லை. பெல்ட் தோல் கல் மாதிரி. அடித்தால் 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கே டர்னர் மயங்கிவிட்டார். "கேட்டீங்களா? சக்கத்தா, ஜோரா இருக்கு பாருங்க!" செருப்புத் தோல் 'தொப்'பென்றுதான் சொல்லும். ஆனால் அது பந்தை ஒரு நொடி பிடித்துவிட்டு விடுகிற மாதிரி இருக்கும். வெள்ளைப் பந்து நான் சொன்னபடி கேட்டது. வா என்றால் வந்தது.

"எனக்கு இதுதான்" என்றேன்.

"இன்னாங்க, சத்தமே இல்லியே?"

"சத்தம் வேணும்னா தீபாவளிக்கு வெடிச்சிக்கலாம்."

சிரித்துவிட்டார். கியூவை லேத்துக்குள் நுழைத்து, மரத்தில் லேத்தின் பல் படாமல் காகிதம் சுற்றிப் பிடித்து, டிப்பைக் குமிழாகக் கடைந்தார். நான் வளைவை அளக்கிற ரேடியஸ் கேஜை வைத்துப் பார்த்தேன். இடுக்கில் வெளிச்சம் புகவில்லை. "பாஸ்" என்றேன். அவர் கடைந்த பொருளுக்கு என் வாயிலிருந்து முதல் முறையிலேயே வந்த முதல் பாஸ் அதுதான். மனுஷன் முகம் அப்படியே மலர்ந்துபோனது.

ஆயுத பூஜை அன்று மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, அரம், சுத்தியல், ஸ்பேனர் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. பூசணிக்காய் உடைத்தாயிற்று. பொரி, கடலை, லட்டு. எல்லோரும் மாடிக்கு வந்துவிட்டார்கள். பெண்கள் பட்டுப்புடவையில் சுவரோரமாக நின்றார்கள். ஆபீஸ் ஜோடி அக்கவுண்ட்ஸ்காரரும் பர்ச்சேஸ்காரரும். முதல் அடி எங்களுடையது. டர்னர் கியூவை என்னிடம் நீட்டி, "நீங்களே ஆரம்பிங்க" என்றார். என்னவோ ரகசியம் வைத்திருப்பவர் போல வாயெல்லாம் சிரிப்பு.

சாக் தேய்த்தேன், ஆனால் நுனியைப் பார்க்கவில்லை. குனிந்து ஓங்கிக் குத்தினேன். 'கிரீச்'! கியூ வழுக்கி, வெள்ளைப் பந்து பக்கவாட்டில் எகிறி, மேஜையை விட்டே இறங்கி, பொரி மூட்டைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

கேன்டீனே சிரித்தது. "பந்து லட்டு சாப்புடப் போயிடுச்சிடோய்" என்று ஒருவன் கத்தினான். சுவரோரப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போர்மேன் வேறு ஒருவனைக் கைகாட்டிக் கூப்பிடுகிறார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில்தான் டிப்பைப் பார்த்தேன்.

ட்யூப்லைட் அதில் தெரிந்தது. முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படியொரு பளபளப்பு. சாக் துளியும் ஒட்டவில்லை.

"இன்னா பண்ணீங்க இத?" என்றேன் டர்னரைப் பார்த்து.

"காலையில பஃப் போட்டு மெருகேத்தினேன்" என்றார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "நீங்கதான் எப்பப் பாரு பினிஷ் பினிஷ்னு சொல்லுவீங்களே. இன்னிக்காவது உங்களுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாதுன்னு..."

கோபப்பட வேண்டிய இடம். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரோடு சிரித்தேன். சாக்கைப் பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பு வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஷாஃப்டுக்குப் பினிஷ் போதாது என்றேன். டிப்பைக் கண்ணாடியாக்கிக் கொண்டுவந்துவிட்டார்.

போர்மேனிடம் திரும்பினேன். "சார், இது ஆப்பரேட்டர் தப்பில்ல, ஜாப் தப்பு. ரிஜெக்ட் பண்றேன். ரீவொர்க்குக்கு டைம் கொடுங்க." கடைந்து வருகிற பொருளைத்தான் ஜாப் என்போம்; இதற்கு எங்கள் ஷாப்பில் மறுபேச்சு கிடையாது. இன்ஸ்பெக்ஷன் ரிஜெக்ட் செய்தால் சரிசெய்து காட்ட ஒரு வாய்ப்பு கொடுத்தே ஆக வேண்டும். தினம் அவரே அதைச் சொல்லிக்கொண்டுதான் என்னிடம் மல்லுக்கு நிற்பார். தலையைச் சொறிந்தார். "அடி அவங்களுக்குப் போகட்டும். நீ ரீவொர்க் பண்ணிக்கோ. ஆள மாத்தல" என்றார்.

அரம் எடுக்க ஓடின டர்னரைப் போர்மேன் நிறுத்தினார். பூஜைக்கு வைத்த ஆயுதத்தை நாளைவரை தொடக்கூடாது. சமையற்கட்டுக் கத்திகூடக் குங்குமத்தோடு தூங்குகிறது. நான் கியூவைத் தூக்கிக்கொண்டு கீழே பின்வாசலுக்குப் போனேன். அங்கே சொரசொரப்பான கருங்கல் படி ஒன்று உண்டு. "இதுல தேய்ங்க" என்றேன். டர்னர் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். "நீங்களே பண்ணுங்க. என் கண்ணால பாக்க முடியாது" என்று திரும்பி நின்றுகொண்டார். பட்டுப்புடவையைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்து கரகரவென்று தேய்த்தேன். ஒவ்வொரு தேய்ப்புக்கும் அவர் தோள் குலுங்கியது.

திரும்பி வந்தபோது ஆபீஸ்காரர்கள் நாலைந்து பந்தைப் போட்டிருந்தார்கள். சாக் வைத்தேன், நீலமாக அப்பிக்கொண்டது. அதற்கப்புறம் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. அவர் ஒன்று, நான் ஒன்று. கடைசியில் எங்களுக்கு மிச்சம் ஒரு பந்தும், அதற்கப்புறம் போட்டு ஜெயிக்க வேண்டிய கறுப்புப் பந்தும். என் முறை. பந்து குழியருகே, கறுப்பு எதிர்க்கோடியில். கீழே குத்தினேன். தொப். பந்து விழுந்தது, வெள்ளை நின்றது, யோசித்தது, திரும்பி உருண்டு வந்து கறுப்புக்கு நேராக நின்றது. "அடேயப்பா!" என்றது அக்கவுண்ட்ஸ்காரர்தான், எதிராளி! டர்னர் நேராக ஒரு அடி. கறுப்பு உள்ளே.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. போர்மேன் என் கையில் லட்டு வைத்து, "இன்னொரு ஆட்டம் ஆடும்மா, சும்னே பார்க்கலாம்" என்றார். கியூவை வாங்கத் திரும்பினேன். கியூ அங்கே இல்லை.

பேக்கிங்கில் டேப் ஒட்டுகிற அக்கா ஒருத்தி, யாரிடமும் அதிர்ந்து பேசாதவள், அதை டர்னர் கையிலிருந்து வாங்கிவிட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்ஸ்பெக்ஷன் பெண்கள், அப்புறம் கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிற அம்மா. எல்லோரும் முந்தானையைச் சொருகிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கும் பின்னால் ஆம்பளைகள் முறைக்காகக் காத்திருந்தார்கள். சாயங்காலம் பஸ் ஹார்ன் அடிக்கும்வரை எனக்கு ஆட்டம் கிடைக்கவேயில்லை. ஆசை தாங்காமல் மேஜையோரமாகக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தேன். டேப் அக்கா ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்தபடியே, "தள்ளுமா, லைட்ட மறைக்கிற" என்றாள்.

தள்ளி நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் வழிவிட்டதில்லை.